நீல வளைவின் இரண்டு கம்பங்கள்

ஹரோ, லண்டன்,
வியாழக்கிழமை பின்னேரம்.

அன்புள்ள மகன் லக்‌ஷனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் கல்கரியில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மனம் சுகமா என்று நீ கேட்டால், அதற்குத்தான் இந்தக் கடிதம். அங்கே காட்டுத்தீப் புகை ஊருக்குள் வந்துவிட்டது என்று செய்தியில் பார்த்தேன், வெளியில் ஓடப் போகாதே, யன்னலைப் பூட்டி வை, சின்ன வயதில் உனக்கு இழுப்பு இருந்தது, உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறாளே என்று சிரிப்பாய். போனில் கதைக்கலாம் என்றால் உன் குரல் கேட்டவுடன் அப்பா எங்கிருந்தாலும் வந்து ஸ்பீக்கரைப் போட்டுவிடுவார். வட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன முறை வந்தபோது அம்மாவுக்கு உதவி என்று சொல்லி என்னுடைய வட்ஸ்அப்பை அப்பாவின் ஐபாட்டிலும் தெரியும்படி செய்துவிட்டுப் போனாயே, இப்போது நான் உனக்கு ஒரு வரி எழுதினால் அவர் முன்னறையில் இருந்து அதைச் சத்தமாக வாசிக்கிறார். ஆகவே பேனையை எடுத்தேன். காலையிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பிரிட்ஜை முழுக்க இறக்கிக் கழுவி அடுக்கிவிட்டேன், நேற்றும் கழுவியதுதான்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கொமிற்றிக் கூட்டம் வைக்கிறார்கள். சுசிலாவின் மகள் கோசிகாவைப் பற்றித்தான். கோசிகா செப்டெம்பரில் ரீச்சர் ரெயினிங்கிற்குச் சேரப் போகிறாள், இடம் கிடைத்துவிட்டது. விளையாட்டுப் போட்டியன்று அவள் சின்னப் பிள்ளைகளின்மேல் அலங்கார வளைவை இழுத்து விழுத்தினாள் என்று அந்தக் கல்லூரிக்குக் கடிதம் எழுதவேண்டும் என்று எங்கள் நீல இல்லத்துப் பெற்றோர் நிற்கிறார்கள். அப்படி ஒரு கடிதம் போனால் அவளை எந்தப் பள்ளிக்கூட வாசலும் ஏற்றாது. அவள் இழுத்ததைக் கண்ட ஒரே ஆள் நான் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எழுந்து அதைச் சொல்ல வேண்டியவளும் நான்தான்.

உனக்குக் கோசிகாவை நினைவிருக்கும். ஜேர்மனியிலிருந்து வந்த புதிதில் இங்கிலிஷும் வராமல் தமிழும் வராமல் வாயை மூடிக்கொண்டு நம் குசினியில் வந்து இருப்பாள், நீ அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாய். சுசிலாவுக்கு டொக்ரரிடம் பதிய, கவுன்சிலுக்குப் போன் எடுக்க, எல்லாவற்றிற்கும் நான்தான் கூடப் போனேன். இரண்டு தெரு தள்ளி வீடு. கறி கூடச் சமைத்தால் நான் கொண்டுபோவேன், அவள் றோல்ஸ் சுட்டால் முதல் தட்டு இங்கே வரும். இதெல்லாம் இல்லம் பிரிக்க முன்னர்.

அந்த இல்லம் பிரித்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், இங்கே எல்லோரும் அதை மறந்துபோனார்கள். ஊரில் பள்ளிக்கூடங்களில் நடப்பதுபோல இங்கும் குடும்பங்களை நீலம், சிவப்பு என்று இரண்டு இல்லமாகப் பிரித்து விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டும் என்று தமிழ்ப் பள்ளித் தலைவர் சபாரத்தினம் அண்ணை ஆசைப்பட்டார். மைதானம் எடுத்து, கூடாரம் அடித்து, இல்லத்துக்கு ஒரு அலங்கார வளைவு கட்டி, அணிநடை, கயிறிழுத்தல், எல்லாம் அப்படியே. எந்தக் குடும்பம் எந்த இல்லம் என்று சண்டை வரக்கூடாது என்பதற்காகச் சரஸ்வதி பூசைச் செம்புக்குள் குடும்பப் பெயர்களை எழுதிப் போட்டுக் குலுக்கினார்கள். லட்சுமியின் கை ராசியான கை என்று பகிடி விட்டு என்னைத்தான் எடுக்கச் சொன்னார்கள். முதல் துண்டு நீலம், அடுத்தது சிவப்பு, பிறகு நீலம், பிறகு சிவப்பு, அவ்வளவுதான் சட்டம். எங்கள் பெயர் நீலத்தில் வந்தது. அடுத்த துண்டு சுசிலா வீடு. என் விரல் செம்புக்குள் கொஞ்சம் இடப்பக்கமாகப் போயிருந்தால் அவள் நீலமாகவும் நான் சிவப்பாகவும் இருந்திருப்போம். அன்று நாங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

ஏழு வருடம். இப்போது போய் நீல ஆக்களிடம் கேட்டுப் பார், சிவப்பு இல்லத்துக்காரர் சத்தம் போடுகிறவர்கள், ஏமாற்றுகிறவர்கள், ஐரோப்பாவிலிருந்து வந்த ஆக்கள் அப்படித்தான், இங்கத்தைய ஒழுங்கு அவர்களுக்குத் தெரியாது என்பார்கள். சிவப்பு ஆக்களிடம் கேட்டால் நீலத்துக்காரருக்குத் தலைக்கனம், ஹரோவில் சொந்த வீடு வாங்கிவிட்டால் கண் தெரியாது என்பார்கள். எங்கள் நீலத்திலும் ஜேர்மனி ஆக்கள், டென்மார்க் ஆக்கள், பிரான்ஸ் ஆக்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் ஜேர்மன்காரர் என்று சொல்வதில்லை, பெயர் சொல்லித்தான் சொல்வோம். சிவப்பில் இருப்பவர்கள்தான் ஜேர்மன்காரர். கலியாண வீட்டில்கூட இப்போது மேசை பார்த்துத்தான் இருக்கிறார்கள். நானும்தான், மகன். போன வருடம் விளையாட்டுப் போட்டியன்று சுசிலாவின் றோல்ஸ் சிவப்புக் கூடாரத்தில் வைத்திருந்தார்கள் என்பதற்காக, எங்கள் பக்கத்தில் விற்ற ஊறிப்போன வடையை வாங்கித் தின்றேன். றோல்ஸ் மணம் மைதானம் முழுக்க அடித்தது.

சரி, இந்த வருடப் போட்டியன்று நடந்தது. போன சனிக்கு முந்தின சனி. அப்பா மூன்று கிழமையாகக் கராஜுக்குள் இருந்து யாழ்ப்பாணக் கோட்டை வாசல் மாதிரி ஒரு வளைவு செய்தார், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் அட்டை வெட்டி, கல் கல்லாகப் பெயின்ற் அடித்து. கார் வெளியில் நின்றது, முழங்கால் நோகிறது என்று எண்ணெய் பூசிக்கொண்டு திரும்பவும் கராஜுக்குள் போவார். வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு, பொய் சொல்லக்கூடாது. இரண்டு பக்கமும் இரண்டு கம்பம், கம்பத்தின் அடியில் மண்மூட்டை, மேலே குறுக்கே அந்தக் கோட்டை. நடுவர்கள் அலங்காரம் பார்க்க வர முன்னர் பாலர் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக அதன் கீழால் நடந்து வரவேண்டும். பாலர் வகுப்பு ரீச்சர் கோசிகா. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள், சிவப்பு ரீசேட்டோடு. எங்கள் றொஷானி, மருந்துக்கடை வீட்டுப் பிள்ளை, நீல ரீசேட்டோடு மற்றப் பக்கத்தில் நின்று பிள்ளைகளை வரிசைப்படுத்தினாள். நான் நேர் எதிரே தண்ணீர் மேசையில் நின்றேன். ஒரு காற்று வந்தது. கூடாரத் துணியெல்லாம் படபடத்தது. வளைவு ஒரு ஆட்டம் ஆடியது. இடது கம்பத்தில் றொஷானியின் கை, வலது கம்பத்தில் கோசிகாவின் கை. கோசிகா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த போத்தலைப் போட்டுவிட்டு ஓடிப்போய் றொஷானியோடு சேர்ந்து கம்பத்தைப் பிடித்தேன். வலது பக்கம் அப்படியே சரிந்து விழுந்தது. அஜந்தாவின் நாலு வயது மகள் அதன் கீழ் நின்றாள். தோள் எலும்பில் வெடிப்பு. இப்போது கட்டுப் போட்டிருக்கிறார்கள், பிள்ளை தேறிவிட்டாள், அந்த வெள்ளைக் கட்டின்மேல் பூனைப் படம் கீறச் சொல்லி எல்லோரையும் கேட்கிறாள், ஆனாலும் அந்த அழுகை இன்னும் என் காதுக்குள் இருக்கிறது.

அப்பா ஓடிவந்து முதல் சொன்னது, இதைக் காத்து விழுத்தேலாது, ஆரோ விழுத்தினதுதான் என்று. அஜந்தா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அக்கா, நீங்கள் நேரை நிண்டனீங்கள், என்ன கண்டனீங்கள் என்று கேட்டாள். நான் யோசிக்கவில்லை. யோசிக்க ஒன்றும் இருப்பதாகவும் தெரியவில்லை. கோசிகா கம்பத்தைப் பிடிச்சு இழுத்தவள், ஆரும் பாக்கினமோ எண்டு என்னைத் திரும்பிப் பாத்தவள், பாவம் றொஷானி தனியத் தாங்கிப் பிடிச்சது என்று சொன்னேன். எவ்வளவு வடிவாகச் சொன்னேன் என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. நடுவர் பார்க்க முன்னர் எங்கள் வளைவுக்குக் கிட்டச் சிவப்பு ஆள் ஏன் வந்தது என்று பின்னால் யாரோ கேட்டார்கள். பாலர் வகுப்பைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதே நாங்கள்தான் என்று ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

அடுப்பில் சோறு. எழும்பிப் போய்விட்டு வருகிறேன்.

சோற்றை இறக்கிவிட்டேன், கடிதத்தை இவ்வளவும் திரும்ப வாசித்தேன். மேலே நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார். இடது கம்பத்தில் றொஷானியின் கை, வலது கம்பத்தில் கோசிகாவின் கை. உனக்கு எழுதும்போது அப்படித்தான் வந்தது, யோசித்து எழுதவில்லை. இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் பிடித்தார்கள், லக்‌ஷன். இரண்டு கையாலும், காலைப் பின்னுக்கு ஊன்றி. ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி இழுத்தாள் என்று நான் எதை வைத்துச் சொன்னேன். குசினிக்குள் நின்று தும்புத்தடியைப் பிடித்துச் செய்து பார்த்தேன், ஒருக்கால் பிடிப்பதுபோல, ஒருக்கால் இழுப்பதுபோல. கம்பம் என் பக்கம் சரியும்போது தாங்கிப் பிடித்தாலும் இழுத்தாலும் கை ஒரே மாதிரித்தான் நிற்கிறது. அப்பா வந்து என்ன செய்யிறீர் என்று கேட்டார். ஒட்டடை என்றேன்.

வெள்ளிக்கிழமை.

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று காலையில் மனோர் பார்க் முருகன் கோயிலுக்குப் போனேன், அங்கே போனாலாவது மனம் ஒரு இடத்தில் நிற்கும் என்று. அர்ச்சனைச் சீட்டு வரிசையில் முன்னுக்கு நின்ற மனிசி, முன்பின் தெரியாத ஆள், நான் ஹரோ என்றவுடன் கேட்டாளே ஒரு கேள்வி. ஹரோவிலை சிவப்புக்காரர் பிள்ளையளின்ரை தலையிலை வளைவைத் தள்ளி விழுத்தினவங்களாம், கத்திரிக்கோலாலை கயித்தையும் வெட்டினதாம், உண்மையோ என்றாள். கயிறே இல்லை அந்த வளைவில். நான் சொன்ன ஒரு பேச்சு இரண்டு கிழமைக்குள் லண்டனின் இந்தத் தொங்கலுக்கு வந்து, கத்திரிக்கோலும் வாங்கிக்கொண்டு, திரும்ப என் முன்னால் வந்து நிற்கிறது. கண்டது நான்தான் என்று சொல்லவும் முடியவில்லை, அப்படி இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. எங்கே உங்கட இடம் என்று கேட்டேன். பிளேஸ்டோ என்றாள். சிவப்பு என்பது ஒரு இல்லத்தின் நிறம் என்றுகூட அவளுக்குத் தெரியாது, ஏதோ ஒரு சாதி, ஏதோ ஒரு ஊர் ஆக்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிவப்புக்காரரிட்டைக் கவனமா இருக்கவேணும் என்று எனக்குப் புத்தி வேறு சொன்னாள்.

திரும்பி வரும்போது ஹரோவில் இறங்காமல் அப்படியே ரயிலில் இருந்துவிட்டேன். அக்ஸ்பிரிட்ஜ் வரை போய், அங்கே மேடையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வந்த ரயிலிலேயே திரும்பினேன். வேலையில்லாதவள் என்று சொல்வாய். ரயிலில் முன்னால் இருந்த ஆக்களை ஒவ்வொருவராகப் பார்த்து, இவர்களில் ஒருவர் கம்பத்தைப் பிடித்திருந்தால் நான் என்ன கண்டிருப்பேன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மறுமொழி எனக்குப் பிடிக்கவில்லை. கோசிகா நீல ரீசேட் போட்டிருந்தால் அவளும் பாவம் தனியத் தாங்கிப் பிடித்த பிள்ளைதான். எத்தனையோ நாள் என் குசினியில் சாப்பிட்ட பிள்ளை அவள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, ரீசேட்டைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ரீசேட்டை அவளுக்குப் போட்டுவிட்டது செம்புக்குள் போன என் கைதான். யாரோ பெரியவர்கள் வெள்ளைக்காரர் கறுப்பர் என்று பிரித்தார்கள், சிங்களவர் தமிழர் என்று பிரித்தார்கள், அதெல்லாம் எங்களுக்குச் செய்தது என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். இதை எங்களுக்கு யார் செய்தது. ஒரு சனிக்கிழமை காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு நாங்களே விளையாட்டுக்குச் செய்தோம்.

சனிக்கிழமை.

இன்று அப்பாவிடம் சொன்னேன். அவர் வெட்டிய ரெஜிபோம் துண்டுகள் இன்னும் கராஜுக்குள் கிடக்கின்றன, எறிய மனமில்லை, அதைக் கூட்டிக்கொண்டு நின்றார். இஞ்சை பாருங்கோ, அந்தப் பிள்ளை இழுத்ததை நான் காணேல்லை, கையைத்தான் கண்டனான், இழுத்தது எண்டு நானாச் சொன்னது, நாளைக்கு எழும்பி அதைச் சொல்லப் போறன் என்றேன். அவர் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அப்ப நான் கட்டினது சரியில்லை எண்டு சொல்ல வாறீரோ என்று கேட்டார். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டதும் விளங்கியது, அவள் இழுக்கவில்லை என்றால் வளைவு தானாக விழுந்தது என்று வருகிறது, தானாக விழுந்தால் கட்டியவர் யார் என்று வருகிறது. அவருக்குக் கோசிகாமேல் கோபம் என்று இவ்வளவு நாளும் நினைத்தேன். அவருக்குப் பயம்.

பெற்றோல் செற்றில் வேலை செய்தபோது கண்ணாடி உடைந்தது, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்று கேட்டேன். உனக்கும் நூறு தரம் சொல்லியிருப்பார். இரவு யாரோ கல்லெறிந்து கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போக, காலையில் வந்த முதலாளி, நின்ற ஐந்து பேரில் அப்பாவை மட்டும் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டான். கேள்வி அல்ல, பார்வை என்பார் அப்பா. அந்தப் பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை அவர். அதை நான் சொன்னவுடன் முகம் சிவந்து, அது வேறை, இது வேறை என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வந்தார். பருப்புக்கு உப்பு இல்லை என்றுகூடச் சொல்லவில்லை, உண்மையில் உப்புப் போட மறந்துவிட்டேன்.

சுசிலாவிடம் போகலாமா என்று இரண்டு தரம் செருப்புப் போட்டேன். ஒரு தரம் அவர்கள் தெரு முனை வரை போனேன். யன்னல் திரைச்சேலை இழுத்து மூடியிருந்தது. கதவைத் தட்டி என்ன சொல்வது. கூட்டத்தில் சொல்லாமல் வீட்டில் போய்ச் சொல்வது கள்ளத்தனம் என்று நினைத்துத் திரும்பி வந்தேன். அது சாட்டு என்றும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்.

கூட்டம் முடிந்தது, இப்போதுதான் வந்து தேத்தண்ணீர் போட்டேன், அது ஆறிக்கொண்டு கிடக்கிறது. பள்ளிக்கூட மண்டபத்தில் கதிரை போட்டிருந்தார்கள், யாரும் சொல்லாமலே நீலம் ஒரு பக்கம் சிவப்பு ஒரு பக்கம். சபாரத்தினம் அண்ணை என்னைக் கூப்பிட்டார். நான் எழும்பி, எனக்குப் பேச்சு வராது என்று உனக்குத் தெரியும்தானே, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். நான் கண்டது ரெண்டு கம்பத்திலை ரெண்டு பேற்றை கையள். ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்டைப் பிடிச்சது எண்டும் மற்றதை இழுத்தது எண்டும் சொன்னது என்ரை வாய், என்ரை கண் இல்லை. நான் சொன்னது பிழை. அவ்வளவுதான் சொன்னேன். பிறகு எங்கள் பக்கத்தில், பின்வரிசையில் இருந்து, யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை, அக்கா, நீங்கள் எந்த இல்லம் என்று ஒரு குரல் கேட்டது. சிலர் சிரித்தார்கள். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அஜந்தா எழும்பி, அப்ப என்ரை பிள்ளையின்ரை தோளுக்கு ஆர் பொறுப்பு என்று அழுதாள். அவளில் எனக்குக் கோபம் வரவில்லை, அவளுக்கு ஒருவரைக் காட்டிக் கொடுத்ததும் நான், இப்போது இல்லை என்று பறித்ததும் நான். சபாரத்தினம் அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு, கண்ட ஆளே இல்லை எண்டால் கடிதம் எழுதேலாது, இது இதோடை முடிஞ்சுது என்றார். ஆகவே கடிதம் போகாது. கோசிகா செப்டெம்பரில் படிக்கப் போவாள். ஆனால் தமிழ்ப் பள்ளிக்கு இனி வரமாட்டாளாம், சுசிலா எழும்பி அதை மட்டும் சொன்னாள், என்னைப் பார்க்காமல். பாலர் வகுப்புப் பிள்ளைகள் வருகிற சனிக்கிழமை வந்து ரீச்சரைத் தேடப் போகிறார்கள்.

வரும்போது அப்பாதான் காரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, கம்பத்தடியிலை மண்மூட்டைப் பாரம் காணாது எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், முழங்கால் நோவோடை தூக்கேலாமல் ரெண்டு மூட்டையோடை விட்டனான் என்றார். அதை அங்கை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். பச்சை விழுந்திட்டுது என்று சொல்லிக் காரை எடுத்தார். இப்போது கராஜுக்குள் ஏதோ சத்தம் கேட்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. நீ கதைக்கும்போது இதைக் கேட்டுவிடாதே, உன்னிடம் சொல்ல அவருக்கு ஒரு நாள் வரும், வராமலும் விடும்.

கார் ஏற முன்னர் நடந்தது ஒன்று இருக்கிறது. அதை எழுதத்தான் இவ்வளவு நேரமும் மற்றதெல்லாம் எழுதினேன். மண்டப வாசலில் கோசிகா தனியாக நின்றாள். நான் போய், பிள்ளை, நான் பிழையாச் சொல்லிப்போட்டன் என்றேன். அவள் அழவில்லை, கோபமாகவும் கதைக்கவில்லை. பாலர் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக, நல்ல தமிழில் சொன்னாள். அன்ரி, நான் உங்களைத்தான் பாத்தனான். நீங்கள் ஓடி வந்தனீங்கள். என்னட்டைத்தான் வாறீங்கள் எண்டு நினைச்சன். பிறகு தாயின் காரில் ஏறிப் போய்விட்டாள்.

நேர் எதிரே நின்றேன், லக்‌ஷன். இரண்டு கம்பமும் எனக்கு ஒரே தூரம். யார் விழுத்தினது என்று இரண்டு கிழமையாக எல்லோரும் கேட்டார்கள், நானும் கேட்டேன். நான் ஏன் அந்தப் பக்கம் ஓடினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. றொஷானியோடு இரண்டாவது ஆளாக நான் நின்ற கம்பம் விழவில்லை. கோசிகா தனியாகப் பிடித்த கம்பம்தான் விழுந்தது. காற்று வந்து வளைவு ஆடியதற்கும் நான் ஓடியதற்கும் இடையில் யோசிக்க நேரமே இல்லை, கால் தானாகப் போனது. வாயால் சொன்னதைக் கூட்டம் வைத்துத் திருப்பி எடுக்கலாம். கால் போனதை எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கோசிகாவுக்கு ஒரு போன் கோல் எடு. நான் சொன்னது என்று சொல்லாதே, என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவும் வேண்டாம், கணக்குச் சொல்லிக் கொடுத்த அண்ணாவாகக் கதை. படிக்கப் போகிற நேரம் அவளுக்குச் சந்தோசமாக இருக்கும். அங்கே உன் வேலையிடத்திலும் இந்தக் குழு அந்தக் குழு என்று இருக்கும், இருக்காமல் விடாது, யாரோடு சாப்பிடப் போகிறாய் என்று ஒருக்கால் யோசித்துப் பார். அங்கே புகை குறையும் வரை யன்னலைத் திறக்காதே, இழுப்புக்கு அடிக்கிற பஃப்பர் வீட்டில் இருக்கிறதா என்று பார், திகதி முடிந்திருந்தால் புதிதாக வாங்கு. அப்பாவின் பிறந்தநாள் அடுத்த கிழமை, மறக்காமல் கதை, வளைவு வடிவாக இருந்தது என்று படம் பார்த்ததாகச் சொல், வடிவு என்றது பொய் இல்லை. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல மனதோடும் இருக்க அம்பாள் துணை நிற்கட்டும். எனக்கு இப்போது கண்ணை மூடினால் இரண்டு பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள், காற்று வருகிறது, ஒவ்வொரு தரமும் நான் இடது பக்கம்தான் ஓடுகிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ராஜலட்சுமி சண்முகராசா